எல்லாப் பையிலும் ஒரே மண்

அறைக்குள் நுழைந்ததும் மொக்கையனின் காலில் ஒரு பூசணிக்காய் இடித்தது.

"ஐயா, கேஸ் முடிஞ்சுபோச்சு," என்றான், கால் விரலைப் பிடித்துக்கொண்டு. "இந்தப் புள்ள ரகசியமா காய்கறி மண்டி நடத்துது. வாங்க, ஊருக்குப் போவோம்."

ரத்தினசாமி சிரிக்கவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே பார்த்தார். நல்லேப்பிள்ளி சாலையில் இருந்த பல்கலைக்கழக விவசாய விரிவாக்க மையம் தன் பெண் ஊழியருக்கு ஒதுக்கியிருந்த சிறிய அறை அது. கட்டிலுக்கு அடியில் தேங்காய்கள். ஜன்னல் கம்பியில் ஒரு வாழைத்தார். மேஜை மேல் நிலக்கடலை மூட்டை, அதற்கும் மேல் முருங்கைக்காய்க் கட்டு. இவற்றுக்கு நடுவே உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தாள் இன்பமேரி.

அவள்தான் மையத்தின் நிகழ்ச்சி அமைப்பாளர். கூட்டங்களுக்கு நாள் குறிப்பது, விஞ்ஞானிகளை வரவழைப்பது, தமிழிலும் மலையாளத்திலும் நோட்டீஸ் எழுதி சைக்ளோஸ்டைல் எடுப்பது, ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சொல்லிவருவது, வானொலிக்குச் செய்தி அனுப்புவது எல்லாம் அவள் வேலை. இடுக்கி மலையில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவள்; தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரின் மகள். விரல் நுனிகளில் அச்சு மை ஒருபோதும் முழுதாகப் போவதில்லை.

"மறுபடி ஒருதரம் சொல்லு அம்மணி," என்றார் ரத்தினசாமி. "மொதல்ல இருந்து."

"எருத்தேன்பதியில மண் பரிசோதனை முகாம் வச்சோம் சார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துணிப்பை குடுத்தோம். அவுகவுக வயக்காட்டு மண்ணை எடுத்துப் போட்டு, முகாம் அன்னைக்குக் கொண்டாரணும். நாப்பது வீட்டுக்காரவுக கொண்டாந்தாக. நா வாங்கி, பேரெழுதிக் கட்டி, வண்டியில ஏத்தி லேபுக்கு அனுப்புனேன். அம்புட்டுத்தான்."

"லேப்ல என்ன சொல்றாங்க?"

"எல்லாப் பையிலும் ஒரே மண்ணுங்கிறாக."

கரிசல் காட்டுக்காரர் பையிலும் செம்மண். வாய்க்கால் ஓரத்து வயல்காரர் பையிலும் அதே செம்மண். ஒரே இடத்தில் அள்ளியதுபோல ஒரே நிறம், ஒரே சரளை. ஒரு பை மட்டும் வேறு. ஆகவே இன்பமேரி ஒரே ஒரு வீட்டில் மட்டும் மண் வாங்கிவிட்டு, மீதிப் பைகளை எங்கோ ஓரிடத்தில் நிரப்பிக் கணக்குக் காட்டிவிட்டாள் என்று மையத்தின் தலைவர் முடிவு செய்திருந்தார். திங்கட்கிழமை விசாரணை. இன்று சனி.

"நீ ஒரு பையைக்கூடத் தொறந்து பாக்கலையா?"

"அவுக நம்பிக் குடுத்தது சார். அவுக முன்னாலயே பிரிச்சுப் பாத்தா, சந்தேகப்பட்ட மாதிரி இருக்கும்ல? அதான் பாக்கல." அவள் குரல் தாழ்ந்தது. "எங்க லயத்துல காலேஜுக்குப் போன மொதப் பொண்ணு நாந்தான். என்னையப் பாத்து நாலு வீட்டுக்காரவுக பொம்பளப் பிள்ளைகள மேல படிக்க அனுப்பிருக்காக. பொய் சொன்னான்னு என்னய நிறுத்திட்டா, அந்தப் பிள்ளைகளையும் கொழுந்து கிள்ளக் கூப்புட்டுக்குவாக. எனக்கு அதுதான் சார் தாங்கல."

ரத்தினசாமி தலையசைத்தார். தமிழக, கேரள எல்லையில் உள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மூட்டையை அவிழ்க்காமலே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார் என்று எல்லையின் இரண்டு பக்கமும் பேர். காணாமல் போன எருமை முதல் களவு போன காசுமாலை வரை அவரிடம்தான் வருவார்கள்; இன்பமேரியும் அப்படித்தான் உதவி கேட்டிருந்தாள். "ரத்தினசாமி சொன்னால் சரியாக இருக்கும்" என்பது அந்தப் பக்கத்து மக்கள் பேச்சு. அந்தப் பேச்சில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மொக்கையன் மலையிலிருந்து தேயிலை லாரியில் கிளீனராக வந்து, ஒரு வழக்கில் சாட்சி சொல்லப்போய், அவரிடமே தங்கிவிட்டவன்.

வாசலில் நிழல் விழுந்தது. மையத்தின் தலைவர் யாக்கோபு நின்றிருந்தார். கோட்டயம் பக்கத்துக்காரர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் நிரந்தரமான சுருக்கம்.

"கண்டோ? இதுதான் தெளிவு, சாட்சி," என்று வாழைத்தாரைக் காட்டினார். "மண் குடுத்த வீட்டுக்கு மையம் நல்ல விதை குடுக்கும். குடுக்காத வீட்டையும் குடுத்ததா எழுதிக் குடுத்தால் வாழைக்குலை வரும். கைக்கூலி அல்லே?"

"முகாமுக்கு முந்தி வந்துச்சா, பொறவு வந்துச்சா?" என்று கேட்டார் ரத்தினசாமி.

"லேப் முடிவு ஊருக்குத் தெரிஞ்ச பொறவுதான் சார்," என்றாள் இன்பமேரி. "என்னய நிறுத்தப் போறாகன்னு கேள்விப்பட்ட மறுநாளுல இருந்து பால் வண்டியில வருது. இன்னார் வீட்டுல குடுத்துவிட்டாகன்னு வண்டிக்காரர் எறக்கி வச்சிட்டுப் போறாரு. வேண்டாம்னாலும் கேக்கல."

"லஞ்சம் வாங்கின பொண்ணு வேலையை விட்டுப் போறப்ப எவன் சார் வாழைத்தார் அனுப்புவான்?" என்றான் மொக்கையன். "வேலையில இருக்கறப்பல்ல அனுப்புவான்."

யாக்கோபு ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். மண்ணைச் சலித்தபோது லேபில் கழித்துப்போட்ட கல்லும் சில்லும். ரத்தினசாமி கேட்டிருந்தார். உள்ளங்கையில் கொட்டிக் கிளறினார். சரளைகளுக்கு நடுவே ஒரு சுட்ட மண் துண்டு. இலைபோல் வளைந்து, நடுவில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தது.

"ஓட்டுத் துண்டு," என்றார் யாக்கோபு.

"ஓட்டுக்கு யாருங்க பொட்டு வைப்பாங்க?" என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் ரத்தினசாமி. பிறகு இன்பமேரியிடம் திரும்பினார். "இதெல்லாம் அனுப்புனவங்களுக்கு நீ என்ன பதில் சொன்னே?"

"எல்லாத்துக்கும் நன்றின்னு ஒரு வரி எழுதி அதே வண்டியில அனுப்புனேன் சார். சும்மா வாங்கி வச்சுக்கிட்டா மரியாதை இல்லையே."

"எழுதாம உட்டது யாருக்கு?"

அவள் சற்று யோசித்தாள். "பொன்னாத்தா அக்காவுக்கு மட்டும். அவுக ஒண்ணும் அனுப்பல."

"அந்த வேற மாதிரி இருந்த ஒரு பை யாரோடது?"

இன்பமேரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "பொன்னாத்தா அக்காவோடது."

மொக்கையன் பூசணிக்காயை மெதுவாக ஓரம் தள்ளினான். "அப்ப, மண்ணு வேறயா இருந்த வீடு சும்மா இருக்கு. மண்ணு ஒண்ணா இருந்த வீடெல்லாம் காய் அனுப்புது."

"வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றார் ரத்தினசாமி.

---

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ரத்தினசாமி ஒன்றைக் கேட்டார். "முகாமுக்கு மைக் கட்டிக்கிட்டுப் போன ஜீப்பை நீ பாத்தியல்லோ? கோபாலபுரம் டீக்கடை முன்னால போச்சே."

"பாத்தேன். நெலம் அளக்குற ஆபீசு ஜீப்பு. போன வருசம் சங்கிலியைத் தூக்கிட்டு காடு காடா திரிஞ்சதே, அதேதான். டிரைவரும் அதே மீசைதான்."

"பல்கலைக்கழகத்து ஜீப் எங்க போச்சு?"

"அச்சு ஒடிஞ்சு ஷெட்டுல கெடக்காம். இந்தப் புள்ள அலைஞ்சு திரிஞ்சு, தாலுகா ஆபீசுல கெஞ்சி, அதை ஒரு நாளைக்கு வாங்கிருக்கு."

ரத்தினசாமி பெருமூச்சு விட்டார். உச்சவரம்புக்கு மேலே இருக்கும் நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் சட்டம் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எருத்தேன்பதிப் பக்கத்தில் பலருக்கு இழக்கும் அளவுக்கு நிலமே இல்லை. ஆனால் பயம் நிலத்தின் அளவைப் பார்த்து வருவதில்லை. சங்கிலி கொண்டுவந்த ஜீப் திரும்பி வந்து, மைக்கில், "உங்கள் காட்டு மண்ணைக் கொஞ்சம் கொடுங்கள்" என்று கேட்டால் யார்தான் நம்பிக் கொடுப்பார்? பாவம், அந்தப் பெண் நேரத்துக்கு வண்டி கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டிருப்பாள்.

எருத்தேன்பதியில் இறங்கி நடந்தபோது ஊர் அவர்களை விழுந்து விழுந்து உபசரித்தது. முதல் வீட்டில் பாய் விரித்தார்கள். இரண்டாவது வீட்டில் இளநீர் வெட்டினார்கள். மூன்றாவது வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு இலை போட்டே விட்டார்கள். ஆனால் ஒருவரும் ரத்தினசாமியின் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. இன்பமேரி என்ற பெயரைச் சொன்னதும் மாட்டுக்குத் தண்ணீர் வைக்க ஞாபகம் வந்து எழுந்து போனார்கள்.

"ஐயா, இப்படி ஒரு ஊரு இருந்தா நான் தெனமும் துப்பறிவேன்," என்றான் மொக்கையன், ஏப்பத்தை அடக்கிக்கொண்டு.

"இது விருந்தில்லடா. மனசு குத்துது இவங்களுக்கு. அதைச் சொல்ல வாய் வரலைன்னா கை எதையாச்சும் எடுத்துக் குடுத்துடும். கடவுள் மனுசனை அப்படித்தான் படைச்சிருக்கார்."

பொன்னாத்தாளின் வீடு ஊரின் கடைசியில், கருப்பராயன் கோயிலுக்குப் போகும் தடத்தில் இருந்தது. அவள் மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்கிக்கொண்டிருந்தாள். வந்தவர்களை நேராகப் பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"என்னுங்க, நீங்களும் அந்தப் புள்ளையத் தொரத்தறதுக்கு வந்தீங்களா?"

"காப்பாத்த வந்தோம்."

"அப்ப உக்காருங்க."

மொக்கையன் உட்கார்ந்தபடி, "குடிக்க ஏதும் வேண்டாங்க்கா, சொல்லிட்டேன்," என்றான்.

"குடுக்கறேன்னு நான் சொல்லவே இல்லையே," என்றாள் அவள்.

ரத்தினசாமிக்கு அந்த வீட்டில் முதல்முறையாக மூச்சு எளிதாக வந்தது. மனதில் பாரமில்லாத ஒருத்தியின் வீடு எப்படி இருக்கும் என்று காலையிலிருந்து மறந்தே போயிருந்தார். "பொன்னாத்தா, எல்லாரும் ஒரே மண்ணைக் குடுத்திருக்காங்க. நீ மட்டும் உன்ற மண்ணைக் குடுத்தது எப்படி? உனக்குப் பயமில்லையா?"

"இல்லாம என்னுங்க. எனக்கு இருக்கறதே அந்தத் துண்டு காடுதான்." அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். "போன ஆடி மாசம் சித்தூர் பஸ்ஸுல ஆட்டுக்குட்டியோட ஏறினனுங்க. கண்டக்டரு கத்துறான். ஆளாளுக்கு மூக்கைப் புடிக்கறாங்க. இந்தப் புள்ள யாரு எவருன்னு தெரியாது, எந்திரிச்சு எனக்கு எடத்தைக் குடுத்துட்டு, குட்டிய வாங்கித் தன்ற தோள்ல போட்டுக்கிட்டு நின்னுது. குட்டி அந்தப் புள்ள சேலைய நனைச்சுப் போட்டுது. 'பச்சப் புள்ளதானக்கா'ன்னுது. அந்தப் புள்ள வந்து மண்ணு கேக்கறப்ப, நான் எப்புடீங்க வேற மண்ணைக் குடுப்பேன்? நெலம் போனாப் போகட்டும்னு காட்டு நடுவுல நின்னு அள்ளிக் குடுத்தேன்."

"மத்தவங்க எங்க அள்ளுனாங்க?" என்று கேட்டார் ரத்தினசாமி.

"நான் பாக்கலைங்க, பாக்காததைச் சொல்ல மாட்டேன். ஆனா பை குடுத்துட்டுப் போன பொறவு, செவ்வாயும் இல்லாம வெள்ளியும் இல்லாம ஆளு ஆளா இந்தத் தடத்துல கோயிலுக்குப் போனாங்க. என்னையக் கண்டா மொகத்தைத் திருப்பிக்குவாங்க." அவள் எழுந்து சேலையை உதறினாள். "வாங்க. இப்பக்கூட ஒருத்தர் போயிருக்காரு."

---

கருப்பராயனுக்குக் கூரை கிடையாது. பெரிய வேப்பமரத்தடியில் கல்லும் வேலும் இருந்தன. பின்னால் வரிசை வரிசையாக உருவாரங்கள், வேண்டுதல் நிறைவேறியவர்கள் கொண்டுவந்து வைத்த சுட்ட மண் காளைகள், குதிரைகள், குழந்தைகள். ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புப் பொட்டு. கால் பட்ட இடமெல்லாம் செம்மண்.

ரத்தினசாமி சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்தார். கடைசி வரிசையில் ஒரு காளைக்கு இடது காது இல்லை. வைத்துப் பார்த்தார். ஒட்டிவைத்ததுபோல் நின்றது.

"மையத்துத் தலைவர் ஓடுன்னாரு," என்றான் மொக்கையன். "மாடு கேட்டுருந்தா கோவிச்சுக்கும்."

காளைக்குப் பின்னால் தரை குழிந்திருந்தது. ஒரு கை, இரண்டு கை என்று பலர் பல சமயம் அள்ளிய குழி. அதன் ஓரத்தில் சாம்பலான கற்பூர வட்டங்கள். குழிக்குள் நின்று ஒரு பெரியவர் கூடையிலிருந்து மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தார். நல்ல கரிசல் மண். அவர்களைக் கண்டதும் கூடை கையிலிருந்து நழுவியது. ஊரில் நாலு ஏர் வைத்திருக்கும் சென்னிமலை அவர்.

"சும்மா... குழியா கெடந்துதுங்க. எலி தோண்டியிருக்கும் போல. சாமி எடமாச்சே, மூடிப் போடலாம்னு..."

"முப்பத்தொம்பது எலிங்க," என்றான் மொக்கையன். "எல்லாத்துக்கும் சூடம் கொளுத்துற பழக்கம் வேற."

சென்னிமலை குழியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தப்புத்தானுங்க," என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "என்ற காட்டு மண்ணைக் குடுக்கப் பயம். அடுத்தவன் காட்டுல அள்ளுனா அவனுக்குத் துரோகம். ரோட்டுல அள்ளலாம்னு பாத்தா, அந்தப் புள்ள அவ்வளவு மரியாதையாக் கேட்டுது, கண்ட மண்ணைக் குடுக்க மனசு வரலை. சாமி மண்ணுன்னா யாருக்கும் கெடுதல் வராது, அந்தப் புள்ளைக்கும் நல்லதுதான்னு நெனச்சு, சூடம் கொளுத்திக் கும்பிட்டுட்டு எடுத்தேன். நான் ஒருத்தன்தான்னு நெனச்சனுங்க. ஊரே இங்கதான் வந்துதுன்னு லேப் முடிவு வந்த பொறவுதான் தெரிஞ்சுது."

"இந்தக் கரிசல் மண்ணு?"

"என்ற காட்டு மண்ணுதானுங்க. சாமி குழியையாச்சும் மூடலாம்னு."

"ஐயா," என்றான் மொக்கையன் மெதுவாக, "அந்தப் புள்ள கேட்ட மண்ணு கடைசியில சாமிக்கு வந்துருக்கு. சாமி மண்ணு லேபுக்குப் போயிருக்கு. விலாசம் மட்டும்தான் மாறிப்போச்சு."

ரத்தினசாமிக்கு நிம்மதியும் கோபமும் ஒன்றாக வந்தன. இவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் இந்தப் பயத்தை இவர்களுக்குள் விதைத்தவன் ஒருவன் இருக்க வேண்டும். ஜீப்பைப் பார்த்து ஒருவன் பயப்படலாம், இருவர் பயப்படலாம். ஊரே ஒரே மாதிரி பயப்பட வேண்டுமானால் யாரோ அதை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அவன்தான் இந்தக் கதையின் குற்றவாளி. அவனை விசாரணையில் நிறுத்தினால் போதும், பெண்ணும் தப்பிப்பாள், ஊரும் தப்பிக்கும்.

"மண்ணைக் குடுத்தா நெலம் போயிரும்னு உங்களுக்குச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

சென்னிமலை நழுவிய கூடையை நிமிர்த்தி வைத்தார்.

"பேரை மட்டும் சொல்லுங்க. உங்களுக்கு ஒண்ணும் வராம நான் பாத்துக்கறேன். ஒரு ஊரையே பொய்யில தள்ளிட்டு, ஒரு பொண்ணோட பொழப்பைக் கெடுத்துட்டு, அவன் பாட்டுக்கு டீக் குடிச்சுட்டு உக்காந்திருக்கான். அவனைச் சும்மா உடக் கூடாது."

சென்னிமலை பொன்னாத்தாளைப் பார்த்தார். பொன்னாத்தாள் வேப்பமரத்தைப் பார்த்தாள். பிறகு ரத்தினசாமியின் முகத்தைப் பார்த்து, அவருக்காக வருத்தப்படுகிறவள் போலச் சொன்னாள்:

"நீங்கதானுங்க."

காற்றில் வேப்பிலைகள் அசைந்தன.

"கோபாலபுரம் டீக்கடையிலிங்க," என்றார் சென்னிமலை, தரையைப் பார்த்தபடி. "ஜீப்பு மைக்குல சொல்லிக்கிட்டுப் போச்சு. நாங்க நாலஞ்சு பேரு சந்தைக்குப் போயிட்டு வந்து நின்னுட்டிருந்தோம். எதுக்குங்க மண்ணு கேக்கறாங்கன்னு உங்களத்தான் கேட்டேன். நீங்க டீய ஆத்திக்கிட்டே சொன்னீங்க, 'நெலத்தை மொத்தமாத் தூக்கிட்டுப் போக முடியாதுல்லோ, அதான் மொதல்ல கொஞ்சமா கேக்கறாங்க'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சனுங்க. ஊட்டுக்குப் போயிப் படுத்தா சிரிப்பு வரலை. ரத்தினசாமி அய்யன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஆத்தாகிட்டச் சொன்னேன். அவ அடுத்த ஊட்டுல சொன்னா."

ரத்தினசாமிக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. டீக்கடையில் ஒரு நாளைக்கு எத்தனையோ சொல்கிறோம். கடைக்காரர் சிரித்ததும், கிளாஸை வைத்துவிட்டு எழுந்ததும் மட்டும் மங்கலாக நினைவில் வந்தன. யாருக்கும் கெடுதல் நினைத்துச் சொன்னதல்ல. ஒரு வாய் டீயோடு போன வார்த்தை. அது நாற்பது வீட்டுக்குள் புகுந்து, நல்ல மனிதர்களைப் பொய்யர்களாக்கி, முகம் தெரியாத ஒரு மலைக்காட்டு லயத்துச் சிறுமிகளின் புத்தகத்தில் கை வைக்கும் வரை போயிருக்கிறது. மூட்டையை அவிழ்க்காமல் உள்ளிருப்பதைச் சொல்கிற தனக்கு, தன் வாயிலிருந்து என்ன வெளியே போகிறது என்று தெரியவில்லை.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கருப்பராயன் முன்னால் போய் நின்றார். வெகுநேரம் நின்றார்.

திரும்பி வரும்போது மொக்கையன் மட்டும் பேசினான். "ஐயா, அன்னைக்கு ரொம்பச் சத்தமாச் சிரிச்சது நாந்தான். நான் சிரிக்காம இருந்தா நீங்க அடுத்த பேச்சுக்குப் போயிருப்பீங்க. அதனால பாதி என் கணக்குல எழுதிக்கங்க."

ரத்தினசாமி அவன் தோளில் கை வைத்தார்.

---

திங்கட்கிழமை யாக்கோபுவின் அறையில் விசாரணை. அவரோடு வெளியூரிலிருந்து வந்த இரண்டு பேராசிரியர்கள். இன்பமேரி ஓரத்தில் நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

ரத்தினசாமி மண்காளையை மேஜை மேல் வைத்து, காதை அதன் இடத்தில் பொருத்திக் காட்டினார். காளையைச் சென்னிமலைதான் சாமியிடம் உத்தரவு கேட்டு எடுத்துக்கொடுத்திருந்தார்.

"மண்ணு இந்தக் கோயிலோடது. வேணும்னா மறுபடி எடுத்துச் சோதிச்சுக்குங்க. இந்தப் பொண்ணு பொய்க் கணக்குக் காட்டணும்னு நெனச்சிருந்தா இந்த மையத்துத் தோட்டத்துலயே அள்ளியிருக்கும். தன்ற சாமியும் இல்லாத, ஊர்க் கடைசியில இருக்கற ஒரு கோயிலுக்கு ஏன் போகோணும்? அள்ளுனது ஊர்க்காரங்க. பயத்துல அள்ளுனாங்க. அவங்களை யாரும் கூப்புட்டு விசாரிக்க வேண்டாம். பயமுறுத்துன ஆளை நான் கொண்டாந்திருக்கேன்."

"எவிடே?" என்றார் யாக்கோபு, கதவைப் பார்த்து.

"நான்தானுங்க."

நடந்ததை அவர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். வந்திருந்த பேராசிரியர்களில் ஒருவர் பேனாவை மூடிவைத்தார். இந்தச் செய்தி சாயங்காலத்துக்குள் எல்லையின் இரண்டு பக்கமும் போய்விடும் என்று ரத்தினசாமிக்குத் தெரியும். இனி எருமை தொலைந்தால் அவரிடம் வருகிறவர்கள் இரண்டு முறை யோசிப்பார்கள்.

யாக்கோபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போள், உங்கள் பேரில் புகார் எழுதணும்."

"எழுதுங்க."

"சார்," என்றாள் இன்பமேரி. "என் பேரையும் சேத்து எழுதுங்க. அந்த ஜீப்பைக் கேட்டு வாங்குனது நாந்தான். டிரைவர் வண்டியை நிறுத்துன எடத்துலயெல்லாம் சனங்க மொகம் மாறுச்சு. பாத்தேன். முகாம் நடந்தாப் போதும்னு கேக்காம விட்டுட்டேன். ஊர் ஊராப் போயிச் சேதி சொல்றதுதான் என் வேலை. கேக்குறவுக மொகத்தைப் பாக்காமச் சொல்லிட்டேன்."

யாக்கோபு காகிதத்தை எடுத்தார். எழுதத் தொடங்கினார். பிறகு நிறுத்தினார். கண்கள் மேஜையின் இடது மூலைக்குப் போயின.

"நம்ம ஜீப் ரிப்பேருக்கு இந்தப் பெண்குட்டி மூணு தரம் எழுதிக் குடுத்தது," என்றார் மெதுவாக. "என்றே மேஜையில்தான் கிடக்குது. ஞான் நோக்கியில்ல, பார்க்கவே இல்ல."

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"சார்," என்றான் மொக்கையன், "எல்லாரும் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கிட்டீங்க. சிரிச்ச பங்கு ஒண்ணு என்கிட்ட இருக்கு. அதையும் எழுதிட்டா காகிதம் பத்தாது."

பேனாவை மூடிவைத்த பேராசிரியர் முதலில் சிரித்தார். யாக்கோபு சிரிக்கவில்லை. ஆனால் காகிதத்தை நான்காக மடித்துக் கிழித்தார். "மண் வேணும்," என்றார். "சரியான மண். இன்பமேரி, இன்னைக்கே தொடங்கணும். ஆனா ஜீப் இல்ல."

"வேண்டாம் சார். நடந்தே போறேன்."

---

மதிய வெயிலில் அவர்கள் எருத்தேன்பதிக்குள் நுழைந்தார்கள். இன்பமேரி முன்னால், தோளில் துணிப்பைகள். மொக்கையன் மீதிப் பைகளோடு. ரத்தினசாமி கடைசியில். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முதலில் தான் பேசுவது என்று அவர் தீர்மானித்திருந்தார். டீக்கடையில் தான் சொன்னது வெறும் வாய்க்கொழுப்பு என்று, அந்த வார்த்தையிலேயே, வீட்டுக்கு வீடு சொல்ல வேண்டும்.

முதல் வீடு சென்னிமலையுடையது. அவர் வாசலில் நின்றிருந்தார். ரத்தினசாமி பேசியதைத் தலையைக் குனிந்தபடி கேட்டார். பிறகு உள்ளே போய், மண்வெட்டியை எடுத்து வந்தார். காட்டுக்குப் போய்க் குழி வெட்டி, மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, அவள் சொல்லிக்கொடுத்திருந்தபடியே ஆழத்திலிருந்து அள்ளிப் பையில் போட்டார். பையை நீட்டும்போதும் அவர் அவளைப் பார்க்கவில்லை.

"அம்மணி, நாங்க உனக்குப் பண்ணுனது..." என்று தொடங்கினார்.

இன்பமேரி பையின் வாயைக் கட்டிப் பேரெழுதினாள். அடுத்த வீடு எது, அதற்கு எப்படிப் போவது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஊரின் ஒவ்வொரு சந்திலும் அவள் நோட்டீஸ் கொடுத்தவள்.

"அண்ணே," என்றாள், "அடுத்த வீட்டுக்கு எனக்கு வழி சரியாத் தெரியல. கூட வந்து காட்டுவீங்களா? மண்வெட்டியும் கொண்டாங்க. அவுக வீட்டுல இருக்கோ என்னமோ."

சென்னிமலை நிமிர்ந்தார். அன்றைக்கு முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்வெட்டியைத் தோளில் வைத்தார்.

"வா அம்மணி," என்று முன்னால் நடந்தார்.

அடுத்த வீட்டுக்காரர் மண் கொடுத்ததும் அவரிடமும் அவள் அதையே கேட்டாள். அவரும் வந்தார். பொழுது சாய்வதற்குள் ஊரில் பாதிப் பேர் மண்வெட்டியோடு அவளுக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டு போனார்கள்.